தண்ணி ஊத்தாதேங்கோ

எங்கட சனத்துக்கு ஒரு செடியைச் சும்மா நிக்க விடத் தெரியாது. கண்டால் தண்ணி ஊத்தவேணும். மழை தூறிக்கொண்டிருக்கேக்க, ஒரு கையில குடையும் மற்றக் கையில செம்புமாய்ப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தின ஒரு மனுசியை நான் என்ர கண்ணால கண்டனான். ஊரில இல்லை, லண்டனில, ரெய்னர்ஸ் லேன் பக்கம், ஒரு கோயிலின்ர பின்பக்கத்தில. கோவம் ஆறினாப்பிறகு இதை எழுதுவம் எண்டு ஒரு வருசம் பொறுத்துப் பாத்தன். ஆறுற மாதிரித் தெரியேல்லை. அதால கோவத்தோடயே எழுதுறன்.

நான் தோட்ட வேலை செய்யிறவள். வீட்டுக்குப் பின்னால நாலு கத்தரிக் கண்டு வைக்கிற தோட்டம் இல்லை, சம்பளத்துக்குச் செய்யிற வேலை. சனம் வந்து சுத்திப் பாக்கிற பெரிய தோட்டம் ஒண்டில. முதல் மூண்டு வருசம் சருகு கூட்டினன். பிறகு ஒருத்தரும் விரும்பி எடுக்காத ஒரு பகுதியை என்னட்டைத் தந்திச்சினம். கல்லும் சரளையும் கொட்டி உயர்த்தின ஒரு சரிவு. வரண்ட மலைச்சரிவில வளருற மரங்களும் பற்றைகளும் எண்டு எழுதி அதுக்கு முன்னால ஒரு அறிவிப்புப் போட் நிக்குது. ஜூனிப்பர், காட்டு பாதாம், ரொக் ரோஸ், ரோஸ்மேரி, தைம், மஞ்சளாப் பூக்கிற முள்ளுப் பற்றையள். மழை அருமையாப் பெய்யிற மலையளில, பாறை வெடிப்புக்குள்ள நிண்டு வளருறதுகள். அந்த மலையள் ஒண்டையும் நான் போய்ப் பாத்ததில்லை. ஆனால் பன்னிரண்டு வருசமா அந்தச் செடியளோட நிண்டு நிண்டு அதுகளின்ர குணம் தெரியும். வெய்யில் வேணும், கல்லு வேணும், காத்து வேணும். உபசாரம் பிடிக்காது. குணத்தில என்னை மாதிரி எண்டு என்ர மனுசன் பகிடி பண்ணுவார்.

அந்த மனுசனுக்கு இந்த வேலையில பெரிய மதிப்பு ஒண்டும் இல்லை. ஆரும் கேட்டால், "மனிசி கவுன்சிலில வேலை" எண்டு சொல்லுவார். கவுன்சிலுக்கும் எனக்கும் வீட்டு வரியைத் தவிர வேற ஒரு சம்பந்தமும் கிடையாது. தோட்டக்காரி எண்டு சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. கலியாண வீட்டில பக்கத்தில இருக்கிற மனுசி என்ர நகத்துக்குள்ள கிடக்கிற மண்ணைப் பாத்தால் நான் கையை மறைக்கிறதில்லை. பாக்கட்டும்.

இனிக் கோயில். கோபுரம் வைச்ச கோயில் இல்லை; முந்தி கம்பளம் அடுக்கி வைச்சிருந்த ஒரு பெரிய ஸ்ரோரை வாங்கித் திருத்தினது. பின்னால கார் விடுற இடம். அதுக்கு அங்கால செங்குத்தா ஒரு சரிவு, இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஆரோ எந்தக் காலத்திலயோ நிலத்தை வெட்டி மட்டமாக்கினதில மிஞ்சினது. மண் எண்டு சொல்ல ஏலாது. உடைஞ்ச செங்கல், சரளை, பழைய கொங்கிறீற் துண்டுகள். தெற்குப் பாத்த சரிவு எண்டபடியால் வெய்யில் வந்தால் நாள் முழுக்கக் காயும். மாரியில சரளை உருண்டு வந்து காருகளில விழும். கவுன்சில் வந்து பாத்திட்டு ஒரு முடிவு சொல்லிச்சு. ஒண்டில் சுவர் கட்டுங்கோ. இல்லாட்டி, வேர் பிடிச்சுச் சரிவை நிப்பாட்டுற மாதிரி மரஞ்செடி நடுங்கோ. நட்டால் இரண்டு வருசத்தில வந்து பாப்பம், பிடிக்கேல்லை எண்டால் சுவர்தான்.

கோயில் செயலாளருக்குச் சுவரில விருப்பம். என்னிலும் பத்து வயசு இளமை, கட்டட வேலைக்காரர், எதுக்கும் கொங்கிறீற் போட்டால் சரி எண்ட ஆள். சுவர் கட்டினால் இன்னும் மூண்டு கார் விட இடம் வரும் எண்டு கூட்டத்தில படம் கீறிக் காட்டினார். எல்லாரும் தலையாட்டிச்சினம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி நான் எழும்பி, "சுவர் வேண்டாம், நான் நட்டுத் தாறன்" எண்டன்.

ஏன் சொன்னன் எண்டு கேட்டால், ஆசைதான். வேலையில நான் நிக்கிற சரிவு ஆக்கள் கட்டின சரிவு. அங்கை எது எங்கை நிக்கவேணும் எண்டு முடிவெடுக்க எனக்கு மேல நாலு பேர். இது உண்மையான வரண்ட சரிவு, ஒருத்தரும் தொடாத சரிவு. மற்றவையின்ர திட்டத்துக்குப் பன்னிரண்டு வருசம் நட்டவளுக்கு, முழுக்கத் தன்ர கையால ஒண்டை நட்டு, அது தன்ர வேரில தான் நிக்கிறதைப் பாக்கவேணும் எண்டு இருக்காதோ. அது ஒண்டுதான் எனக்கு வேண்டிக்கிடந்தது. இரண்டு வருசத்தில அந்தச் சரிவு நிக்கவேணும்.

"செடியள் வாங்கக் காசுக்கு என்னக்கா செய்யிறது?" எண்டு கேட்ட செயலாளரே மறுமொழியும் கண்டுபிடிச்சார். உபயம். கோயில் எண்டால் எல்லாத்துக்கும் உபயம் இருக்கு. பூசைக்கு, அன்னதானத்துக்கு, மாலைக்கு, மணிக்கு. அப்ப செடிக்கும் உபயம். ஒரு குடும்பத்துக்கு ஒரு செடி. செடிக்குப் பக்கத்தில, செத்துப்போனவையின்ர ஞாபகமா ஒரு சின்னத் தகடு. ஒரு கிழமையில தொண்ணூறு குடும்பம் பேர் குடுத்திட்டுது. எனக்குச் சந்தோசம். கெட்டிக்காரப் பொடியன் எண்டுகூட நினைச்சன். அந்த உபயம்தான் என்ர தலையில வந்து விடியப்போகுது எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

ஐப்பசியில கண்டுகளை நட்டம். இந்த நாட்டில உப்பிடிச் செடியளை நட அதுதான் நல்ல காலம். மாரி முழுக்க வேர் தன்ர பாட்டில கீழ இறங்கும். இரும்பு அலவாங்கால குத்தி, கல்லைப் பிரட்டி, ஒவ்வொரு கண்டையும் நான்தான் வைச்சன். மேல முழுக்கத் தைமும் ரோஸ்மேரியும், நடுவில ரொக் ரோஸ், பாரம் தாங்கவேண்டிய இடங்களில ஜூனிப்பர். கிழக்கு மூலை சரியான செங்குத்து. சரிவுக்கு மேல கிடக்கிற வீடுகளின்ர வேலிக்குள்ளால வாற மழைத்தண்ணி முழுக்க அதாலதான் இறங்கும். அந்த மூலை போனால் அதுக்கு மேல நிக்கிற எல்லாம் சேந்து போகும். அதால அங்கை ஒரு காட்டு பாதாம் வைச்சன். அதின்ர வேர் கல்லைப் பிளந்துகொண்டு ஆழத்துக்குப் போகும்.

நட்ட அண்டைக்கே முதல் சண்டை. ஒருத்தர் தன்ர தகப்பன்ர தகட்டைப் பாத்திட்டு என்னட்டை வந்தார். பக்கத்தில நிண்டது தைம், அரைச் சாண் உயரம்.

"எங்கட அப்பர் ஊரில எவ்வளவு பெரிய மனுசன். அவருக்கு உந்தப் புல்லோ?"

"அது புல்லில்லை அண்ணை. அது நூறு வருசம் நிக்கிற சாதி" எண்டு ஒரு பொய்யைச் சொன்னன். பிறகு பாத்தால், பக்கத்து ஜூனிப்பரின்ர தகட்டைக் கழட்டித் தைமுக்குக் குத்தி, அப்பரை ஜூனிப்பருக்கு மாத்திப்போட்டுப் போட்டார். ஜூனிப்பர்க் குடும்பம் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து என்னோட சண்டை.

மாரி வடிவாப் போச்சு. பங்குனியில ஒண்டும் பட்டுப்போகேல்லை. வைகாசியில ரொக் ரோஸ் பூத்தது, வெள்ளைப் பூ, ஒரு நாள்தான் நிக்கும். சனத்துக்குப் புளுகம், சந்தோசம் தாங்கேல்லை. அண்டையில இருந்து தண்ணி துவங்கிச்சு.

முதல் செம்பில. பிறகு சுவாமிக்கு அபிசேகம் பண்ணின தீர்த்தம். பிறகு பால். திவச நாளில இளநீர். ஒருத்தர் மஞ்சள் தண்ணி. ஒரு மனுசி அரிசி கழுவின தண்ணியை வீட்டில இருந்து வாளியில கொண்டுவந்தா. வாற வழியில ரெயினில ஊத்துப்படாமல் கொண்டுவந்ததை ஒரு சாதனையாச் சொன்னா. ஒருத்தர் தன்ர செடி பக்கத்துச் செடியிலும் பாக்கச் சின்னனாக் கிடக்குதெண்டு இரவோடிரவா மாட்டெரு கொண்டுவந்து மூடினார். ஜூனிப்பருக்குப் பட்டுக் கட்டினவையும் இருக்கினம். நான் வேலை முடிஞ்சு இரண்டு பஸ் மாறி வந்து பாத்தால் சரிவு முழுக்கச் சேறு.

எனக்கு விசர் வந்தது. ஏன் எண்டு கேளுங்கோ. மேல தண்ணி கிடைச்சால் வேர் கீழ போகாது. ஏன் போகவேணும்? சும்மா சோறு வந்தால் ஆர் வேலைக்குப் போவினம்? மேலயே சுருண்டு கிடக்கும். செடியின்ர அடிக்கழுத்தில ஈரம் நிண்டு அழுகும். வேர் கீழ போகாட்டி சரளையை ஒண்டும் பிடிக்காது, ஊத்துற தண்ணியே சரளையைக் கழுவிக்கொண்டு இறங்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு எண்டு சொல்லிச் சொல்லி வளத்த சனம் இது. சொல்லுவினம். செம்பைக் கீழ வைக்க மாட்டினம்.

போட் எழுதி வைச்சன். தமிழில, இங்கிலீசில, பெரிசா, சிவப்பில. தண்ணி ஊத்தாதேங்கோ. தண்ணி ஊத்தினால் இந்தச் செடி செத்துப்போகும். அடுத்த வெள்ளி ஒருத்தர் அந்தப் போட்டுக்கு முன்னால நிண்டு பால் ஊத்துறார். "போட்டில தண்ணியெண்டுதானே கிடக்கு" எண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிய ஐயரிட்டைக் கேட்டு ஐஞ்சு நிமிசம் வாங்கினன். செத்துப்போன ஒரு ரோஸ்மேரியைப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டினன். வேர் பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடக்கு. என்ர வேலையில தண்ணியே காட்டாமல் வளத்ததைப் பக்கத்தில வைச்சன், வேர் என்ர கை நீளம். "பாருங்கோ, கஷ்டப்பட்டதுதான் ஆழமாப் போயிருக்கு" எண்டன். சனம் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டிச்சு. ஒரு மனுசி கண்ணையும் துடைச்சா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பத்து நிமிசம் கழிச்சுப் பின்னால போறன், அதே மனுசி செம்போட நிக்கிறா. "இண்டைக்கு மட்டும் அக்கா, மாமியின்ர திதி" எண்டா.

ஆடியில சரளை இறங்கிச்சு. செயலாளரின்ர காருக்கு மேலதான் விழுந்தது. அவர் படம் எடுத்துக் கோயில் குறூப்பில போட்டு, "அக்காவின்ர மலை எங்களைப் பாக்க இறங்கி வந்திட்டுது" எண்டு எழுதினார். எல்லாரும் சிரிச்ச முகப் படங்கள் போட்டிச்சினம். என்ர மனுசனும் போட்டவர். அண்டைக்கு நான் அந்தாளுக்குச் சோறு போடேல்லை.

அதுக்குப் பிறகு நான் நல்லவளா இருக்கிறதை விட்டன். கமிற்றியோட சண்டை பிடிச்சு, பின்பக்கத்துத் தண்ணிப் பைப்பைப் பூட்டுவிச்சன். கோயிலில தண்ணியைப் பூட்டுறதோ, பாவம் சுத்தும் எண்டு சொல்லிச்சினம். சுத்தட்டும் எண்டன். வெள்ளிக்கிழமையளில சரிவுக்கு முன்னால ஒரு கதிரை போட்டுக் குந்திக்கொண்டு இருந்தன். செம்போட வாறவை என்னைக் கண்டு திரும்பிப் போச்சினம். எனக்குப் பட்டப் பெயர் வைச்சது தெரியும், என்ன பெயர் எண்டு நான் கேக்கேல்லை. ஒரு கலியாண வீட்டில தண்ணிப் போத்தல் நீட்டின ஒருத்தர், "அக்கா, குடிக்கலாமோ, உங்களிட்டைக் கேக்கவேணுமோ?" எண்டார். மேசையே சிரிச்சது. நான் அதை வாங்கிக் குடிச்சன்.

ஆனால் பலிச்சது. இரண்டாம் வருசக் கோடை சரியான கோடை. பூங்காக்களில புல்லெல்லாம் காய்ஞ்சு வைக்கல் நிறமாப் போச்சு. எங்கட சரிவு அசையேல்லை. தைம் படர்ந்து கல்லை மூடிச்சு. ஜூனிப்பரைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தன், கல்லோட கல்லா நிக்குது. தொண்ணூறில எழுபத்தெட்டு நிண்டது, செத்ததுகளுக்குப் புதுக் கண்டு வைச்சு அதுகளும் பிடிச்சிட்டுது. வேலையில என்னோட நிக்கிற பெட்டைக்குப் படம் காட்டினன். அவள் நம்பேல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, அண்டைக்கு பஸ்ஸில தனிய இருந்து சிரிச்சுக்கொண்டு வீட்டை போனன்.

ஒரு இடம் மட்டும் அடம். கிழக்கு மூலை. அந்தக் காட்டு பாதாம் மூண்டு தரம் செத்துப்போச்சு. முதல் செத்தது முதல் வருசம், அந்த நேரம் எல்லாரும் ஊத்தினபடியால் நான் பெரிசா யோசிக்கேல்லை. இரண்டாவது, பைப் பூட்டினாப்பிறகும் செத்தது. கிண்டிப் பாத்தால் வேர் கறுத்து அழுகி, மணம். மேல வீட்டுக்காரரின்ர குழாய் ஏதும் ஒழுகுதோ எண்டு போய்க் கதவைத் தட்டிக் கேட்டன். ஒழுகேல்லை. சரளையைக் கூட்டிப் போட்டு, தண்ணி ஓடுற கானை மாத்தி வெட்டி, மூண்டாவதை வைச்சன். அதுவும் ஆவணியில இலை கொட்டிப் பட்டுப்போச்சு. அந்த மூலையில இரண்டு முழ அகலத்துக்கு ஒரு பள்ளம் அரிச்சு இறங்கியிருந்தது.

ஐப்பசியில கவுன்சிலில இருந்து ஒரு பெட்டை வந்தாள். பொறுமையா முழுச் சரிவையும் நடந்து பாத்தாள். குனிஞ்சு வேரைத் தொட்டுப் பாத்தாள். இவ்வளவு நல்லா வரும் எண்டு தான் எதிர்பாக்கேல்லை எண்டு சொன்னாள். பிறகு அந்த மூலைக்குப் போய் நிண்டாள். இந்தப் பள்ளம் மேல ஏறினால் பக்கத்தில நிக்கிறதெல்லாம் இறங்கும், பங்குனி வரைக்கும் தவணை தாறன், அதுக்குள்ள இது நிக்கவேணும், இல்லாட்டி சுவருக்குத்தான் எழுதவேணும் எண்டாள். செயலாளர் பக்கத்தில நிண்டு தலையாட்டினார். அவர் சிரிக்கேல்லை, ஆனால் நான் அவரின்ர முகத்தைப் பாத்தன்.

வெள்ளிக்கிழமையும் சனி ஞாயிறும் நான் நிக்கிறன், ஒருத்தரும் ஊத்துறதைக் காணேல்லை. அப்ப நான் இல்லாத நாளிலதான். வேலையில ஒரு கிழமை லீவு எடுத்தன். திங்கள் காலமை போய்க் காருகளுக்குப் பின்னால நிண்டன், ஒருத்தரும் வரேல்லை. செவ்வாய் எட்டரைபோல ஒரு அம்மா வந்தா.

எழுபது வயசுக்கு மேல இருக்கும். சின்ன உருவம், பெரிய குளிர்க் கோட், சீலைக்குக் கீழ சப்பாத்து. கோயிலில கடைசி வரிசையில நிக்கிற அம்மா. முகம் தெரியும், ஒரு நாளும் கதைச்சதில்லை. கையில ஒரு கடைப் பை. அதுக்குள்ள இருந்து பெரிய பால் போத்தல் ஒண்டை எடுத்தா, உள்ள தண்ணி. கிழக்கு மூலைக்குப் போய், பட்டுப்போன அந்தக் கம்புக்கு மெல்ல மெல்ல ஊத்தினா. ஊத்தேக்க மற்றக் கையைக் கம்புக்குக் கீழ பிடிச்சிருந்தா. போத்தல் முடிய, பைக்குள்ள இருந்து இரண்டாவது போத்தலை எடுத்தா.

இரண்டு வருசக் கோவமும் அந்த இடத்தில எனக்கு வாய்க்கு வந்திட்டுது. ஓடிப்போய்ப் போத்தலைப் பிடிச்சன்.

"அம்மா, உங்களுக்குக் கண் தெரியாதோ? அந்தப் போட் ஆருக்கு எழுதி வைச்சுக் கிடக்கு? உந்தத் தண்ணிதான் இதைக் கொல்லுது. மூண்டு கண்டு செத்தது. மூண்டையும் நீங்கள்தான் கொன்றனீங்கள்."

அவ போத்தலை விட்டிட்டா. என்னைப் பாத்தா, கோவமாப் பாக்கேல்லை. கார் விடுற இடத்துக் கல்லுத் திட்டில மெல்லக் குந்தினா. தகட்டில என்ன எழுதியிருக்கெண்டு அப்பதான் எனக்குக் கண்ணில பட்டது. எங்கள் மகன் எண்டு மட்டும்தான் கிடந்தது. நானே குத்தின தகடு, இரண்டு தரம் கழட்டித் திரும்பவும் குத்தினனான்.

"போட் வாசிச்சனான் பிள்ளை" எண்டா. "வாசிச்சுப்போட்டுத்தான் ஊத்தினனான்."

நான் பறிச்ச போத்தலை அவவுக்குப் பக்கத்தில வைச்சன்.

"அவனுக்கு வயித்தில காயம். கடைசிச் சண்டைக்குள்ள. மருந்து கட்டின பிள்ளையள் சொன்னவை, அம்மா, தண்ணி மட்டும் குடுத்திடாதேங்கோ, குடுத்தால் செத்துப்போவான் எண்டு. அவன் கேட்டுக்கொண்டே கிடந்தான். ஒரு பகல், ஒரு இரவு. என்ர மடியிலதான். பக்கத்தில போத்தல் கிடந்தது, தண்ணியோட. நான் அவையின்ர சொல்லைக் கேட்டனான். ஒரு சொட்டுக் குடுக்கேல்லை." கோட்டுக் கையால மூக்கைத் துடைச்சா. "குடுக்காமலும் செத்துப்போட்டான்."

மேல் வீட்டில ஆரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போற சத்தம் கேட்டது. அவவுக்குப் பக்கத்தில குந்தினன். கொன்றனீங்கள் எண்டு நான் சொன்ன சொல்லை எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது எண்டு தெரியேல்லை.

கொஞ்ச நேரத்தால அவ எழும்பினா. இரண்டு போத்தலையும் பைக்குள்ள வைச்சா. நிறைஞ்ச போத்தல் பாரம், இரண்டு கையாலயும் பையைத் தூக்கினா.

"நீ படிச்ச பிள்ளை. உனக்குத் தெரிஞ்சுதான் சொல்லுறாய்" எண்டா. "இனி ஊத்தேல்லை. அண்டைக்கும் சொல்லுக் கேட்டனான், இண்டைக்கும் கேக்கிறன்."

வெளிக்கிட்டா. கார் விடுற இடத்தைக் கடந்து, கேற்றடியில ஒருக்கா நிண்டு பையைக் கை மாத்தி, திரும்பிப் பாக்காமல் போட்டா. நான் கூப்பிடேல்லை. கூப்பிட்டு என்னத்தைச் சொல்லுறது? ஊத்துங்கோ எண்டோ? ஊத்தினால் சரிவு போச்சு. ஊத்தாட்டி பங்குனிக்குள்ள அந்த மூலை நிண்டிடும், கண்டு பிடிச்சிடும், அந்தப் பெட்டை வந்து கையெழுத்து வைப்பாள், என்ர சரிவு என்ர சரிவா நிக்கும். இரண்டு வருசமா நான் கேட்டது அதுதான். தொண்ணூறு குடும்பமும் தராத சொல்லை அந்த அம்மா தந்திட்டுப் போட்டா.

எனக்கு அண்டைக்கு வந்த கோவம் ஆரில எண்டு இண்டைக்கும் சொல்லத் தெரியேல்லை. சாப்பிடேல்லை. புதன் காலமை ஏழு மணிக்கு எழும்பி, தேத்தண்ணியும் போடாமல், செயலாளருக்குப் போன் அடிச்சன்.

"தம்பி, கிழக்கு மூலைக்குச் சுவரை வையுங்கோ. நெஞ்சளவு உயரம் காணும். உள்ளுக்கு நல்ல மண் நிரப்பி, மேல மட்டமாக்கித் தாங்கோ. நான் ஒரு மரம் வைக்கவேணும். தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கிற மரம். ஒரு பைப்பும் இழுத்துத் தாங்கோ, பூட்டு வேண்டாம்."

ஒரு மூலைக்குக் கொங்கிறீற் வந்தால் மற்ற மூலைக்கு வர நாள் செல்லாது எண்டு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"இதைத்தானேயக்கா நான் முதல் நாளே சொன்னனான்" எண்டு சிரிச்சார். "செடியால ஏலாது, சுவர்தான் வேணும் எண்டு. நீங்கள் கேட்டியளோ? ஏனக்கா இப்ப மனம் மாறிட்டியள்?"

நான் காரணம் சொல்லேல்லை. அது அந்த அம்மாவின்ர கதை, கோயில் குறூப்பில போற கதை இல்லை.

"ஓம் தம்பி" எண்டன். "நீங்கள் சொன்னதுதான் சரி."